ஒரு கேலனுக்கு அறுபத்தொன்று

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமா மார்க்கெட்டில், ஆளில்லாமல் எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கிற வண்டி எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. கதவைத் திறப்பார், உள்ளே எட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவார், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்துபோய்க்கொண்டே இருப்பார். சாவியைத் திருப்புவதோடு சரி, எடுக்கமாட்டார். வண்டி உள்ளூர் அரபியுடையதா, போலீஸ்காரருடையதா என்கிற கவலையெல்லாம் அவருக்குக் கிடையாது. நான் பத்தடி பின்னால், இந்த மனுஷனை எனக்குத் தெரியவே தெரியாது என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு வருவேன். வெள்ளிக்கிழமை சாமான் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் இரண்டு தரமாவது இது நடக்கும்.

எண்பதுகளில் அந்த ஊரில் எஞ்சினை நிறுத்துகிற வழக்கமே யாருக்கும் இல்லை. ரொட்டி வாங்க இறங்கினாலும் ஓடும், தபால் ஆபீசுக்குள் போய் அரைமணி நேரம் கதையடித்தாலும் ஓடும். வெயில் அப்படி. ஏசி நின்றுவிட்டால் திரும்பி வந்து ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. பூமிக்கடியில் எண்ணெய் கிடக்கிற ஊரில் எண்ணெயைப் பற்றி யார் யோசிப்பார்கள்? இவர் ஒருவர்தான் யோசித்தார். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் சத்தம் அவருக்குக் காதுக்குள் புகுந்த எறும்பு மாதிரி. அது நிற்கும்வரை அவரால் வேறு பேச்சுப் பேச முடியாது.

ஒருமுறை மீன் மார்க்கெட் வாசலில் நின்ற ஒரு பிக்கப்பின் கதவைத் திறந்து சாவியைத் திருப்பினார். பக்கத்து சீட்டில், வெயிலுக்குத் துணி மறைத்துக்கட்டிய ஜன்னல் ஓரமாக, பர்தா போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்த அம்மாள் போட்ட கூச்சலில் மார்க்கெட்டே திரும்பியது. கையில் மீனோடு ஓடிவந்தார் வீட்டுக்காரர், தாடி நரைத்த கிழவர். இவரோ தப்பி ஓடாமல், இரண்டு கையையும் விரித்து, தனக்குத் தெரிந்த அரபியையும் இந்தியையும் கலந்து அந்தக் கிழவருக்கு நியாயம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"பாபா, காடி மாஃபி சலோ, எஞ்சின் கியூன் சலோ? ஃபாய்தா மாஃபி!"

வண்டி ஓடாதபோது எஞ்சின் எதற்கு ஓடவேண்டும், பிரயோஜனம் இல்லையே என்கிறார். கிழவர் இவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு "மஜ்னூன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பைத்தியத்துக்குக் கொடுப்பது போல ஒரு மீனை எடுத்துக் கையில் கொடுத்தார். இவர் அதை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ரூமில் மீன் குழம்பு. நான் சாப்பிடவில்லை என்று சொன்னால் பொய், சாப்பிட்டேன்.

யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கம்பெனியில் பிக்கப் டிரைவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பேர் ஒன்று இருந்தது, மாதாமாதம் சம்பளப் பட்டியலில் நானே டைப் அடித்த பேர். இங்கே அதை எழுதக் கை வரவில்லை. கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் எல்லோருக்கும் அவர் 'பந்த் பாய்'. இந்தியில் 'பந்த் கரோ' என்றால் நிறுத்து. காலையில் ஆறு பிக்கப்புகளும் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருக்க, டிரைவர்கள் டீயோடு நிற்பார்கள். இவர் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை "பந்த் கரோ, பந்த் கரோ" என்று சொல்லிக்கொண்டே போவார். பாகிஸ்தான் பக்கத்து டிரைவர்களான பட்டாணிகள் வேண்டுமென்றே அவர் கடந்துபோன பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்வார்கள். இவர் திரும்பி வருவார். இது தினசரி நடக்கும் கூத்து.

எங்கள் கம்பெனி, மலையில் இருந்த குவாரிகளின் கல்லுடைக்கும் மெஷின்களைப் பழுதுபார்த்துக் கொடுத்தது. ஆளையும் சாமானையும் மேலே கொண்டுபோக, கீழே கொண்டுவர பிக்கப்புகள். நான் ஆபீசில் கிளார்க். டைப் அடிப்பது, சாமான் வாங்குவது, மேனேஜருக்கு ரிப்போர்ட் தயார் செய்வது எல்லாம் நான். விருதுநகர்ப் பக்கம். அவரும் நானும் ஒரே ரூம், கட்டில் மட்டும் எதிரெதிர்.

அந்த ரூமில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. நின்றுகொண்டே சாப்பிடுவார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். தையல் மிஷின்காரர் கால் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். பிறகு எழுந்து போய் வராந்தாவில் நடப்பார். நின்றபடி ஓடுகிற எஞ்சினைப் பார்த்தால் பொறுக்காதவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

"நான் எங்கை சும்மா நிக்கிறன்? நடக்கிறன் எல்லோ," என்பார். "ஓடுறதெண்டா ஓட வேணும். நிக்கிறதெண்டா நிக்க வேணும். ரெண்டுக்கும் நடுவிலை நிண்டு எரியக்கூடாது."

இதை அவர் எஞ்சினுக்கும் சொல்வார், ஊர் நிலவரத்துக்கும் சொல்வார், கேம்ப்பில் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு முடிவு சொல்லாமல் இழுத்தடித்த மலையாளிப் பையனுக்கும் சொன்னார். ஒருநாள் தன் மகனுக்கும் சொன்னார். மூத்த மகனுக்குப் பத்தொன்பது வயது. ஊரில் வைத்திருக்க முடியாத வயது. கொழும்புக்குக் கூட்டிவந்து ஒரு லாட்ஜில் விட்டிருந்தார்கள். ஏஜென்ட் இன்றைக்கு ஏற்றுகிறேன், நாளைக்கு ஏற்றுகிறேன் என்று ஏழு மாதம். ஜெர்மனியோ கனடாவோ, எங்கேயாவது போய்ச் சேர்ந்தால் போதும். ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த அன்றைக்கே அந்த லாட்ஜுக்குப் போகும்.

"பெடியன் அங்கை அறைக்குள்ளை இருக்கிறான் தம்பி. வெளியிலை போகேலாது, ஊருக்குத் திரும்பேலாது. எஞ்சின் ஓடுது, வாகனம் நகரேல்லை. அவன் பிளேன் ஏறும் வரைக்கும் எனக்கு இந்த வேலை இருக்க வேணும். பிறகு என்னவும் நடக்கட்டும்."

இதைச் சொல்லும்போதும் நடந்துகொண்டுதான் இருந்தார்.

பிக்கப் விஷயத்தில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. சிலது சரி, சிலது சுத்தப் பைத்தியக்காரத்தனம். டயரில் காற்று ஒரு பொட்டுக் குறையக்கூடாது, இது சரி. பின்னால் தொட்டியில் தேவையில்லாத இரும்பு, மணல் மூட்டை கிடக்கக்கூடாது, அதுவும் சரி. பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் வெளியேறும், எண்ணெய் மிச்சம் என்பார். இப்படி ஓட்டி, ஒருநாள் இரண்டு பெட்டி வெல்டிங் ராடை வழியெல்லாம் விதைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். திரும்பிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்ததில் எத்தனை எண்ணெய் போயிற்று என்று நான் கேட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பிரேக் பிடிப்பது அவருக்குப் பிடிக்காது. "பிரேக் எண்டது என்ன? எரிச்ச எண்ணெயைக் குப்பையிலை எறியிறது," என்பார். முன்னால் வளைவு வருவது அவருக்கு எனக்கு முன்பே தெரியும். காலை எடுத்துவிடுவார், வண்டி தானாகவே தணிந்து, வளைவில் சரியான வேகத்துக்கு வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு உயிர் போய் உயிர் வரும். அவர் முகத்தில் அப்போது மட்டும்தான் ஒரு அமைதி இருக்கும்.

இனி அந்த டெஸ்டைச் சொல்லவேண்டும். சொல்லாமல் இதுவரை சுற்றிக்கொண்டிருந்தேன்.

பழைய பிக்கப்புகளை மாற்றி ஆறு புது வண்டி எடுப்பதென்று கம்பெனி முடிவு செய்தது. எந்த எஞ்சின் என்பதில்தான் குழப்பம். மேனேஜர் சூடான்காரர், எஞ்சினியர், நல்ல மனிதர், ஆனால் காகிதத்தில் எண் இருந்தால் அதற்குமேல் கேள்வி கேட்கமாட்டார். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எடுத்தால் ஏற்றத்துக்கு நல்லது என்றார் ஒருவர். நாலு சிலிண்டர் பெட்ரோல் போதும், பழுது குறைவு என்றார் இன்னொருவர். டீசல் சத்தம், டீசல் நாற்றம், ஏற்றத்தில் மாட்டுவண்டி என்று ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். பந்த் பாய் நேரே மேனேஜர் ரூமுக்குள் போய் டீசல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். ஏன் என்று என்னிடம் பிறகு விளக்கினார்.

"உவங்கள் ஒருத்தனும் எஞ்சினை நிப்பாட்டப் போறதில்லை. நான் எத்தினை நாளைக்குக் கத்திறது? பெற்றோல் எஞ்சின் சும்மா நிக்கேக்கையும் குடிச்சுக்கொண்டு நிக்கும். டீசல் சும்மா நிக்கேக்கை சொட்டுச் சொட்டாத்தான் குடிக்கும். உவங்கட பாவத்துக்கு டீசல்தான் மருந்து."

மேனேஜர் மூன்று வண்டியையும் கடைக்காரரிடமிருந்து ஒரு வாரத்துக்கு வாங்கினார். ஒரே டிரைவர், ஒரே பாதை, ஒரே சுமை. டிரைவர் பந்த் பாய். கூட உட்கார்ந்து எழுதிக்கொள்ள நான். கேம்ப்பில் இருந்து குவாரிக்கு ஏறி, இறங்கி, அஜ்மான்வரை போய்த் திரும்பவேண்டும். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஒரு கேலனுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை.

குவாரியில் இருந்து கீழே பதினோரு கிலோமீட்டர் இறக்கம். முதல் நாள், உச்சியில் வண்டியைத் திருப்பி நாலு அடி உருட்டியதும் நியூட்ரலில் போட்டு எஞ்சினை நிறுத்திவிட்டார். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியைப் பூட்டும் இடத்துக்கு ஒரு படி முன்னால் விட்டார். டயர் சத்தமும் காற்றும் தவிர எதுவும் இல்லை. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, எஞ்சின் நின்னுபோச்சு!"

"நிக்கேல்லை. நான் நிப்பாட்டினனான். மலை தள்ளுது, நான் ஏன் எண்ணெய் எரிக்க வேணும்?"

"பிரேக் பிடிக்குமா?"

"ரெண்டு தரம் பிடிக்கும். மூண்டாம் தரம் கல்லாப் போகும். அதாலை ஒருக்காவும் பிடிக்கக்கூடாது."

எஞ்சின் ஓடினால்தான் பிரேக் மிருதுவாக வேலை செய்யும், நின்றால் பெடல் இறுகிவிடும், இரண்டு காலாலும் ஏறி மிதித்தாலும் வண்டி சொன்னபடி கேட்காது. இது தெரிந்தும் அவர் தினமும் அப்படித்தான் இறங்குகிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடிவாரத்தில் சமதரை வந்ததும் டாப் கியரில் போட்டுக் கிளட்சை விட்டார், எஞ்சின் ஒரு இருமலோடு உயிர் பெற்றது.

மூன்று வண்டியிலும் அதே மாதிரிதான் இறங்கினார். யாரையும் ஏமாற்றவில்லை. ஆறு சிலிண்டர் ஒரு கேலனுக்கு முப்பதைத் தாண்டவில்லை. நாலு சிலிண்டர் பெட்ரோல் நாற்பத்திரண்டு. டீசல் அறுபத்தொன்று. இரண்டு தரம் கணக்குப் போட்டேன், அறுபத்தொன்றுதான். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பரீட்சை ரிசல்ட் பார்த்த பிள்ளை மாதிரி சிரித்தார். பிறகு கேட்டார்.

"இறக்கத்திலை எஞ்சினை நிப்பாட்டினதையும் எழுதும். இங்கிலீசிலை வடிவா எழுதும்."

"அதை எதுக்குண்ணே எழுதணும்?"

"ஏன், நான் என்ன களவோ எடுத்தனான்? நான் ஓடுற விதம் உது. மற்றவன் ஓடினால் ஐம்பதும் வராது. அதைச் சொல்லாட்டி உந்த எண்ணுக்கு என்ன மரியாதை?"

சரியென்று தலையாட்டினேன். எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். எழுதினால் மேனேஜர் திட்டுவார், டெஸ்ட் செல்லாது என்பார், இன்னொரு வாரம் அந்த இறக்கத்தில் நான் உட்காரவேண்டும் என்கிற பயம் ஒன்று. அறுபத்தொன்று என்ற எண் காகிதத்தில் அவ்வளவு அழகாக இருந்தது என்பது இன்னொன்று. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ரிப்போர்ட்டை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஆறு டீசல் பிக்கப் வந்தது. முதல் இரண்டு மாதம் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு மேனேஜர் கேம்ப் டேங்கில் இருந்து டீசல் பிடிப்பதற்கு ஒரு சட்டம் போட்டார். டெஸ்டில் அறுபத்தொன்று வந்திருக்கிறது, மூன்றைக் கழித்துவிடுவோம், கேலனுக்கு ஐம்பத்தெட்டு ஓடியே ஆகவேண்டும், குறைந்தால் டீசல் எங்கே போகிறது என்று டிரைவர் பதில் சொல்லவேண்டும். அந்த நோட்டீஸை டைப் அடித்ததும் நான்தான்.

பந்த் பாயைத் தவிர யாருக்கும் ஐம்பதைத் தாண்டவில்லை. எப்படித் தாண்டும்? ஆகஸ்ட் மாதம், ஏசியை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள் பட்டாணிகள். காலையில் எந்த வண்டியும் சும்மா உறுமவில்லை, "பந்த் கரோ" சொல்ல அவருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. டீ கிளாஸோடு நின்றவர்கள் அவர் கடக்கும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவன் அவர் காதில் விழும்படி காறித் துப்பினான். நோட்டீஸ் இங்கிலீஷில், அவர் வண்டிக்குக் கணக்கும் குறையவில்லை, அதனால் அவருக்குக் காரணம் புரியவில்லை. டீசல் வாங்கச் சொன்ன கோபம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக நடந்தார்.

எல்லோரையும்விடக் குறைவாக வந்தது காத்தமுத்துவுக்கு. அறந்தாங்கிப் பக்கத்துப் பையன் என்று சொல்லலாம், ஆனால் பையன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைக்குத் தகப்பன், வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒருநாள் பந்த் பாய் மாதிரியே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறான். இரண்டாவது வளைவில் பெடல் இறுகிவிட்டது. பாறையில் உரசி நின்றிருக்கிறது வண்டி. அதற்குப் பிறகு இறக்கம் முழுக்க செகண்ட் கியரில்தான் வருவான். கேலனுக்கு நாற்பத்தி நாலு. அவன் கட்டிலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கேன் இருந்தது, துணி துவைக்கத் தண்ணீர் பிடித்துவைக்கிற கேன். மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது. டீசல் திருடி விற்கிறான், விசா கேன்சல், டிக்கெட் போடு என்று என்னிடம் சொன்னார்.

அன்று மதியம் காத்தமுத்து ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, நான் ஒரு சொட்டு டீசல் தொட்டதில்லண்ணே. எம்புள்ளைங்க மேல சத்தியமா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, உங்க பேச்சக் கேப்பாரு."

"பாக்கலாம்ப்பா, நீ போ," என்றேன்.

அவன் போனதும் பந்த் பாய் வந்தார். விஷயம் அவருக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்திருக்கிறது. வாசலிலேயே கேட்டார். "அந்த ரிப்போட்டிலை இறக்கத்தைப் பற்றி எழுதினனீர் தானே? அதை எடுத்து அவருக்குக் காட்டும். அறுபத்தொண்டு எப்பிடி வந்தது எண்டு தெரிஞ்சால் உந்தக் களவுக்கதை எல்லாம் முடிஞ்சு போம்."

நான் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுதலண்ணே."

அவர் கால் ஆடவில்லை, கை ஆடவில்லை. அவர் அப்படி அசையாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு, "அப்ப இப்ப போய்ச் சொல்லும்," என்றார்.

"நாளைக்குச் சொல்லிடறேண்ணே. அடுத்த வாரம் எனக்கு லீவு. பாஸ்போர்ட் அவர்கிட்ட இருக்கு. அவரு நல்ல மூட்ல இருக்கறப்போ..."

அடுத்த வாரம் லீவு என்பது உண்மை. இரண்டு வருஷம் கழித்துக் கிடைக்கிற லீவு. நான் அங்கே போன ஆறாவது மாதம் பிறந்த மகளை நான் அதுவரை போட்டோவில்தான் பார்த்திருந்தேன். நாளைக்கு என்று சொன்னேன். மறுநாளும் நாளைக்கு என்று சொன்னேன். காலையில் மேனேஜர் ரூம் கதவுவரை போவேன், உள்ளே போன் பேசுவது கேட்கும், திரும்பி வந்துவிடுவேன். மூன்றாம் நாள் காத்தமுத்துவின் கேன்சல் பேப்பரை டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைத்தேன். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அந்தப் பேப்பரில் கையெழுத்தாகும் முன்பு பந்த் பாய் மேனேஜர் ரூமுக்குள் போனார். கதவு திறந்திருந்தது. "சார், யூ கம் வித் மீ. குவாரி. ஐ ஷோ யூ சிக்ஸ்டி ஒன்," என்றார். மேனேஜர் என்ன நினைத்தாரோ, தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற வழியில் என்னையும் வரச் சொன்னார்.

பிக்கப்பில் ஒரே நீள சீட்டு. நான் நடுவில், கியர் கம்பி முழங்காலுக்கிடையில். மேலே ஏறினோம். உச்சியில் வண்டியைத் திருப்பினார். நாலு அடி உருட்டினார். சாவியைத் திருப்பினார்.

"வாட் ஹேப்பண்ட்?" என்றார் மேனேஜர்.

"எஞ்சின் கலாஸ், சார்." கலாஸ் என்றால் முடிந்தது.

வேகம் ஏறியது. ஐம்பது, அறுபது. முதல் வளைவில் மேனேஜரின் கை என் தொடையை இறுக்கிப் பிடித்தது. எழுபதில் அவர் அரபியில் ஆண்டவனைக் கூப்பிட்டார். "பிரேக்! பிரேக்!" என்று கத்தினார். பந்த் பாய் பிரேக்கை மூன்று தரம் மிதித்துக் காட்டினார், வேண்டுமென்றே. மூன்றாம் தரம் பெடல் கீழே போகவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, ஒவ்வொரு வளைவையும் அகலமாக எடுத்து, ஒரு இடத்தில் ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்துவிட்டு, பதினோரு கிலோமீட்டரையும் இறக்கினார். அடிவாரத்தில் கிளட்சை விட்டதும் எஞ்சின் இருமியது. வண்டியை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தினார்.

மேனேஜர் இறங்கி வெயிலில் நின்றார். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"எவ்ரி டே?"

"எவ்ரி டே, சார்."

"டெஸ்ட் ஆல்ஸோ?"

"டெஸ்ட் ஆல்ஸோ, சார். காத்தமுத்து நோ தீஃப். எஞ்சின் ரன்னிங், நோபடி கெட் சிக்ஸ்டி ஒன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "யூ வேர் இன் த டெஸ்ட். யூ நியூ திஸ்?"

என் வாய் திறந்தது. இதற்காகத்தானே மூன்று நாளாகக் கதவுவரை போய் வந்தேன். அதற்குள் பந்த் பாய் முந்திக்கொண்டார்.

"ஹீ ஸ்லீப், சார். ஃபுல் ஸ்லீப்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டு என்ற சட்டம் அன்றைக்கே கிழிந்தது. காத்தமுத்துவின் பேப்பரும் கிழிந்தது. அதே ஃபாரத்தில் வேறு பேரைப் போட்டு டைப் அடிக்கச் சொன்னார் மேனேஜர். குவாரி ரோட்டில், ஆளை ஏற்றிக்கொண்டு, எஞ்சினை நிறுத்தி ஓட்டுகிறவனை வைத்திருக்க முடியாது என்றார். அதுவும் நியாயம்தான். கொழும்பு லாட்ஜில் மகன் இருந்தது மேனேஜருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதையும் நான் சொல்லவில்லை.

துபாய் ஏர்போர்ட்டுக்கு அவரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். அதே டீசல் பிக்கப். காத்தமுத்து கேட்வரை வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பட்டாணிகள் வரிசையாக நின்றார்கள், ஒரு வண்டியிலும் எஞ்சின் ஓடவில்லை. வழியெல்லாம் நான் எதையெதையோ பேசினேன். அவர் ஓம் ஓம் என்றார். முழங்கால் ஆடிக்கொண்டே வந்தது.

"பையன் விஷயம் என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டேன்.

"அங்கைதான் நிக்கிறான். இனி ரெண்டு பேருமா நிக்கப் போறம்."

ஏர்போர்ட் வாசலில் நிறுத்தினேன். பின்னால் டாக்ஸிகள் ஹாரன் அடித்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பழக்கம். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, எட்டி, சாவியைத் திருப்பினார். ஏசி நின்றது. ஒரு நிமிஷத்தில் வண்டிக்குள் அனல் புகுந்தது. அவர் இறங்கவில்லை. என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர், ஓரிடத்தில் இரண்டு நிமிஷம் உட்காரத் தெரியாதவர், எனக்காக உட்கார்ந்திருந்தார். என் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

"பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டீங்கல்லண்ணே?" என்றேன்.

அவர் கொஞ்சம் சிரித்தார். "ஓம் தம்பி. எல்லாம் எடுத்தாச்சு. பிள்ளையைக் கேட்டதாச் சொல்லும்," என்று இறங்கிப் போனார். போகிற வழியில் முன்னால் ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நின்ற ஒரு டாக்ஸியின் அருகில் அவர் நடை தயங்கியது. பிறகு அதை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. விலாசம் என்னிடம் இருந்தது, நானும் போடவில்லை.

அடுத்த வாரம் லீவில் போய் என் மகளைத் தூக்கினேன். இப்போது அவளுக்கே ஒரு மகன் இருக்கிறான். கார் வைத்திருக்கிறாள். அவள் எங்கேயாவது எஞ்சினை நிறுத்தாமல் போனில் பேசிக்கொண்டிருந்தால் என் கை தானாகச் சாவிக்குப் போகிறது. என்னப்பா உங்களுக்கு என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன்.

அந்த ரிப்போர்ட் இப்போது எங்கேயும் இருக்காது. கம்பெனியே இல்லை. இருந்தாலும் அதில் விட்டுப்போனதை இங்கே எழுதி வைக்கிறேன். குவாரியிலிருந்து பதினோரு கிலோமீட்டர் இறக்கத்திலும் எஞ்சின் நிறுத்தப்பட்டிருந்தது. எழுதச் சொன்னவர் டிரைவர். எழுதாமல் விட்டவன் பக்கத்து சீட்டில் இருந்தான். அவன் தூங்கவில்லை.